எழுபத்தெட்டு வயதில் ஒற்றை ஆளாய் ஆகாயத்தில்

பம்பாயின் அக்டோபர் வெயிலைப் பற்றி இங்குள்ள தமிழர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலம் முடிந்து குடையை மடித்து வைத்ததும் வந்து இறங்கும் அந்தப் புழுக்கம், நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்குச் சற்றும் இளைத்ததல்ல. அப்படிப்பட்ட ஓர் அக்டோபரில், 1982-ம் ஆண்டு 15-ந் தேதி வெள்ளிக்கிழமை, ஜுஹு விமானத் திடலில் கூடியிருந்தவர்கள் வடக்கு வானத்தையே பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

அவர்கள் எதிர்பார்த்தது ஜம்போ ஜெட்டை அல்ல. மரத்தாலும் துணியாலும் ஆன இறக்கை, மூக்கில் ஒரே ஒரு என்ஜின், ஓட்டுகிறவரைச் சேர்த்து மூன்று பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு பொடி விமானம். 'லெப்பர்டு மாத்' என்று பெயர். 'மாத்' என்றால் விட்டில் பூச்சி. பெயருக்கு ஏற்ற உருவம்தான். இங்கிலாந்தில் 1933 முதல் 1936 வரை மட்டுமே இந்த ரகத்தைச் செய்தார்கள். ஆகவே அன்று கராச்சியிலிருந்து புறப்பட்டு வந்துகொண்டிருந்த விமானத்துக்கே வயது ஐம்பதை நெருங்கிக் கொண்டிருந்தது.

அதை ஓட்டி வந்தவருக்கோ வயது 78. பக்கத்தில் துணை விமானி கிடையாது. அவர் பெயர் ஜே. ஆர். டி. டாடா.

டாடா என்றதும் இரும்பு, லாரி, மில், ஓட்டல் எல்லாம்தான் நம்மவர்களுக்கு நினைவுக்கு வரும். 1938-ல் தம் 34-வது வயதில் டாடா சன்ஸின் தலைவரானவர், அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்தவர். இத்தனை பெரிய வியாபாரி, எழுபத்தெட்டு வயதில், பேரன் பேத்தி எடுக்கும் பிராயத்தையும் தாண்டிய பிறகு, எதற்காகத் தன்னந்தனியாக ஒரு பழைய விமானத்தில் ஏறி உட்கார வேண்டும்?

கடற்கரை வீடு

விடை தேட வேண்டுமானால் பிரான்ஸ் தேசத்துக்குப் போக வேண்டும். ஜே.ஆர்.டி. பிறந்தது 1904 ஜூலை 29-ந் தேதி பாரிஸ் நகரத்தில். தாயார் பிரெஞ்சுப் பெண்மணி. கோடை விடுமுறைக்கு அந்தக் குடும்பம் போவது வடக்குக் கடற்கரையிலுள்ள ஹார்டெலோ என்ற ஊருக்கு. அதே ஊரில்தான் லூயி பிளேரியோவும் வீடு கட்டியிருந்தார். 1909 ஜூலை 25-ந் தேதி ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் விமானத்தில் தாண்டினாரே, அந்த பிளேரியோதான். மணலில் விமானங்கள் வந்து இறங்கும். சிறுவர் கூட்டம் வாயைப் பிளந்து கொண்டு ஓடும். அந்தக் கூட்டத்தில் ஜே.ஆர்.டி.யும் ஒருவர்.

பதினைந்தாம் வயதில் அதே ஊரில் கட்டணம் கொடுத்து விமானத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அவ்வளவுதான். நம் ஊர்த் திருவிழாவில் ராட்டினம் சுற்றி இறங்கும் பிள்ளைக்குப் போதையெல்லாம் வீடு போய்ச் சேருவதற்குள் தெளிந்துவிடும். இவருக்குத் தெளியவே இல்லை.

ஆனாலும் கையில் விமானம் கிடைக்க இன்னும் ஒன்பது வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. ஜுஹுவில் பம்பாய் பிளையிங் கிளப் வந்த பிறகுதான் முறையாகக் கற்றுக்கொள்ள வழி பிறந்தது. 1929 பிப்ரவரி 10-ந் தேதி இவருக்கு விமானி லைசென்ஸ் வழங்கப்பட்டது. அதன் வரிசை எண் 1. இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் லைசென்ஸ் அதுதான். அப்போது அவருக்கு வயது 24.

தானம் கொடுத்த பிளக்

அடுத்த ஆண்டே ஒரு பந்தயம் வந்தது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறந்து காட்டும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகா கான் அறிவித்தார். எந்தப் பக்கமிருந்து வேண்டுமானாலும் புறப்படலாம். மூன்று பேர் களத்தில் இறங்கினார்கள். மன்மோகன் சிங் ஒருவர். ஆஸ்பி எஞ்சினியர் என்ற பதினேழு வயதுப் பையன் ஒருவன். மூன்றாமவர் ஜே.ஆர்.டி. இவர் கராச்சியிலிருந்து மேற்கே பறந்தார். ஆஸ்பி இங்கிலாந்திலிருந்து கிழக்கே வந்தான்.

எகிப்தில் அபூகீர் விமானத் தளத்தில் இருவரும் சந்தித்துக் கொண்டார்கள். ஆஸ்பியின் விமானம் அங்கே முடங்கிக் கிடந்தது. என்ஜினுக்குப் போட ஸ்பார்க் பிளக் இல்லை. ஜே.ஆர்.டி.யிடம் உபரி பிளக்குகள் இருந்தன. போட்டியாளன் ஆயிற்றே என்று அவர் யோசிக்கவில்லை, எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்தப் பிளக்குகளைப் போட்டுக்கொண்டு பறந்த ஆஸ்பி, சில மணி நேர வித்தியாசத்தில் பரிசைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்! அந்தப் பையன்தான் பின்னாளில் ஏர் மார்ஷல் எஞ்சினியர். 1960 முதல் 1964 வரை இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதி. கொடுத்த பிளக் வீண் போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கராச்சித் தபால்

1982-ல் ஜே.ஆர்.டி. பறந்து வந்த பாதை அவருக்குப் புதிதல்ல. சரியாக ஐம்பது வருஷத்துக்கு முன்னால், 1932 அக்டோபர் 15-ந் தேதி சனிக்கிழமை, அவரே போட்ட பாதை அது.

அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து வரும் விமானத் தபால் கராச்சியோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் ரயில்தான். கராச்சியில் இறங்கும் தபாலை அகமதாபாத், பம்பாய் வழியாகச் சென்னை வரை விமானத்திலேயே கொண்டு போனால் என்ன என்று யோசனை சொன்னவர் நெவில் வின்சென்ட் என்ற விமானி. ஜே.ஆர்.டி. அதைப் பிடித்துக்கொண்டார். அரசாங்கத்திடம் மானியம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. சுமக்கிற தபாலின் எடைக்கு ஏற்பக் கூலி, அவ்வளவே. இழுபறியில் மூன்று வருஷம் போயிற்று. கடைசியில் 1932 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டு லட்சம் ரூபாய் முதல், இரண்டு சின்ன விமானங்கள். விமானிகளும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

அன்று காலை 6.35 மணிக்குக் கராச்சி டிரிக் ரோடு திடலிலிருந்து 'புஸ் மாத்' விமானத்தில் கிளம்பினார் ஜே.ஆர்.டி. பின்னால் 55 பவுண்டு எடையுள்ள தபால் பைகள். நம் கணக்கில் 25 கிலோ. ஓர் அரிசி மூட்டைக்கும் குறைவு! ரேடியோ கிடையாது. வழி சொல்லத் தரையில் ஆள் கிடையாது. மடியில் வரைபடம், எதிரே திசைகாட்டி, கீழே ரயில் தண்டவாளமும் ஆறும் கடற்கரையும். இவைதான் துணை. அகமதாபாத்தில் இறங்கியபோது பெட்ரோல் வந்தது எதில் தெரியுமா? மாட்டு வண்டியில்! நான்கு காலன் டின்களில் பர்மா ஷெல் கம்பெனியார் கொண்டுவந்து ஊற்றினார்கள். பகல் 1.50-க்கு ஜுஹுவில் சக்கரம் பதிந்தது.

தபால் அங்கேயே நின்றுவிடவில்லை. வின்சென்ட் தயாராக நின்றார். பைகளை ஏற்றிக்கொண்டு தெற்கே பறந்தார். இரவு பெல்லாரியில் தங்கல். மறுநாள் 16-ந் தேதி சென்னை. பம்பாயிலிருந்து சென்னை ரயிலில் ஊருக்குப் போகிறவர்கள், குண்டக்கல் ஜங்ஷனில் பெல்லாரிக்குப் பிரிந்து போகும் தண்டவாளத்தைப் பார்த்திருப்பார்கள். அந்த வட்டாரத்தின் மேலேதான் சென்னைக்கான முதல் டாடா விமானத் தபால் வந்தது. மணியார்டரையும் கடிதத்தையும் நம்பி இரண்டு ஊர்களில் குடும்பம் நடத்திய தமிழர்களுக்கு விமானத் தபாலின் அருமை நன்றாகவே தெரியும். அதற்குப் பிள்ளையார் சுழி போட்டது அந்த 25 கிலோ.

ஜுஹு அப்போது வெறும் சேற்று நிலம். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிவிடும். விமானங்களைப் பூனாவுக்குக் கொண்டுபோய் விடுவார்கள். இத்தனை சங்கடத்திலும் முதல் ஆண்டில் 1,60,000 மைல் பறந்தார்கள். 155 பயணிகளையும் ஏற்றினார்கள். 60,000 ரூபாய் லாபமும் காட்டினார்கள்.

வின்சென்டுக்கு அதிக நாள் கொடுத்து வைக்கவில்லை. 1942-ல், உலகப் போரின் நடுவே, இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு வந்த விமானத்தோடு மறைந்து போனார். தம் முதல் பயணத்தைத் திரும்பப் பறந்து பார்க்கும் வயதுவரை வாழ அவருக்கு வாய்க்கவில்லை.

நாற்காலி போனது

அந்த இரண்டு பூச்சி விமானங்களிலிருந்து வளர்ந்ததுதான் ஏர் இந்தியா. 1946-ல் அந்தப் பெயர் வந்தது. 1948 ஜூன் 8-ந் தேதி 'மலபார் பிரின்சஸ்' என்ற விமானம் பம்பாயிலிருந்து லண்டன் புறப்பட்டது. 1953-ல் அரசாங்கம் கம்பெனியை எடுத்துக்கொண்டது. ஆனாலும் தலைவராக ஜே.ஆர்.டி.யையே வைத்துக்கொண்டது. அவர் அதைக் கூலிக்குச் செய்யும் வேலையாக நினைக்கவில்லை. விமானத்துக்குள் போய்த் திரைச்சீலையின் நிறம் முதல் காப்பியின் ருசி வரை பார்த்துக் குறிப்பு எழுதுவார் என்பது அந்தக் கால ஊழியர்கள் அறிந்த சங்கதி.

1978 பிப்ரவரியில் அந்தப் பொறுப்பிலிருந்து அவர் விலக்கப்பட்டார். அப்போது அவருக்கு 73 வயது. தாம் பெற்று வளர்த்த பிள்ளையைத் தம் கையிலிருந்து வாங்கிக்கொண்டது போன்ற விஷயம். 1980-ல் மறுபடி இயக்குநர் குழுவில் இடம் வந்தது. தலைவர் பதவி வரவில்லை.

அலுவலகத்தில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற எந்தக் குமாஸ்தாவுக்கும் இந்த நிலைமை புரியும். மறுநாள் காலை 8.12 லோக்கலைப் பிடிக்க வேண்டாம்; மேஜையில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். ஆனால் நாற்காலியை வாங்கிக்கொள்ளலாம், கைத்தொழிலை வாங்கிக்கொள்ள முடியாது. ஜே.ஆர்.டி.யின் கைத்தொழில் விமானம் ஓட்டுவது.

58-ல் ஒரு முறை

1962-ல் முப்பதாவது ஆண்டு வந்தபோதே கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அவர் ஒரு முறை பறந்து காட்டியிருந்தார். அப்போது வயது 58. அந்தக் காலத்தில் சர்க்கார் ஆபீஸ்களில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பும் வயது! பார்த்தவர்கள் ஆச்சரியப்பட்டிருப்பார்கள். ஆனால் 58-க்கும் 78-க்கும் நடுவே இருபது வருஷம் என்பது வெறும் எண்ணிக்கை அல்ல. ஒரு விமானியின் உடம்பில் அந்த இருபது வருஷம் என்னவெல்லாம் செய்யும் என்று பார்க்க வேண்டும்.

முதலில் கண். நாற்பதைத் தாண்டியதும் எல்லாருக்கும் வருகிற வெள்ளெழுத்து விமானிக்கும் வரும். பேப்பர் படிக்கிறவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. விமானியின் கண்ணோ ஒரு நொடி தூரத்து ஓடுபாதையில் இருக்க வேண்டும், மறு நொடி ஒன்றரை அடியில் இருக்கும் வேகமானியின் முள்ளில் இருக்க வேண்டும், அடுத்த நொடி மறுபடி ஓடுபாதைக்குப் போக வேண்டும். வயதாக ஆக இந்தத் தாவல் தாமதப்படும். வெயிலின் கூச்சமும் அதிகமாக உறுத்தும்.

அப்புறம் கழுத்து. வானத்தில் மற்ற விமானம் வருகிறதா என்று இடமும் வலமும் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காது, என்ஜின் சத்தத்தில் வரும் சின்ன மாறுதலைக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக இதயம். தரையில் மயக்கம் வந்தால் யாராவது ஓடிவந்து சோடா வாங்கிக் கொடுப்பார்கள். மூவாயிரம் அடி உயரத்தில் தனியாக இருப்பவருக்கு யார் வருவார்கள்?

இதனால்தான் விமானிக்கு லைசென்ஸ் மட்டும் இருந்தால் போதாது; டாக்டர் சர்டிபிகேட்டும் கூடவே இருக்க வேண்டும். கண், காது, ரத்த அழுத்தம், சிறுநீர், இதயத் துடிப்பு எல்லாம் பார்ப்பார்கள். வயது ஏற ஏற இந்தச் சோதனைகளை அடிக்கடி செய்துகொள்ள வேண்டும். பயணிகள் விமானம் ஓட்டும் சம்பள விமானிகளுக்கு 65 வயதில் கதவு மூடிவிடும். சொந்த ஆசைக்குப் பறக்கிறவருக்கு அப்படி ஒரு வயது வரம்பு கிடையாது. உடம்பு பாஸாகிற வரை பறக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறை டாக்டர் அறைக்குள் நுழையும்போதும், இதுதான் கடைசி சர்டிபிகேட்டோ என்ற பயம் முதியவரின் நெஞ்சில் இருக்கத்தான் செய்யும். பரீட்சைக்குப் போகும் பையனின் நிலைமைதான். பையனாவது அடுத்த வருஷம் மறுபடி எழுதலாம்.

இன்னொன்று, விமானம் ஓட்டும் வித்தை துருப்பிடிக்கக் கூடியது. சைக்கிள் மாதிரி அல்ல. சில மாதம் விட்டுவிட்டாலே கை தடுமாறும். அதிலும் இந்தப் பழைய மாத் விமானங்களை இறக்குவது தனி வித்தை. இக்கால விமானங்களுக்கு மூக்கில் ஒரு சக்கரம் இருக்கிறது. பழைய விமானங்களுக்கு முன்னால் இரண்டு சக்கரம், வாலைத் தாங்க அடியில் ஒரு முட்டு, அவ்வளவுதான். தரையில் ஓடும்போது மூக்கு மேலே தூக்கிக்கொண்டு எதிரே இருப்பதை மறைத்துவிடும். பக்கக் காற்று சற்றே அடித்தாலும் வால் முன்னால் வரப் பார்க்கும். இரண்டு பாதங்களும் இடைவிடாமல் மிதித்து அதை அடக்க வேண்டும். இளைஞர்களே வியர்த்துப் போகும் இடம் அது.

பணக்காரரின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிடுகிறவர்களும் உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. விமானத்தில் ஒரு மணி நேரம் பறக்க ஆகும் செலவில் ஒரு குடும்பம் எத்தனை நாள் சாப்பிடலாம் என்று கணக்குப் பார்க்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பணம் விமானத்தை வாங்கித் தரும். 78 வயதில் அதை இறக்கும் கையை வாங்கித் தராது.

இதே பம்பாயில் இன்னொருவரும் இப்படிக் கிளம்பியதுண்டு. துணி மில் முதலாளி விஜய்பத் சிங்கானியா. 1988-ல் லண்டனிலிருந்து டில்லிக்கு மைக்ரோலைட் என்னும் மிகச் சிறிய விமானத்தில் 23 நாளில் வந்தவர். 2005 நவம்பர் 26-ந் தேதி, தம் 67-வது வயதில், மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானத்திலிருந்து வெப்பக் காற்று பலூனில் ஏறி 21,027 மீட்டர் உயரம் தொட்டு உலக சாதனை செய்தார். நாசிக் மாவட்டத்தில் போய் இறங்கினார். மாடியேறவே மூச்சு வாங்கும் வயதில் 69,000 அடி!

மறுபடி ஜுஹு

1982-க்குத் திரும்புவோம். 1932-ல் கராச்சியும் பம்பாயும் ஒரே தேசத்தில் இருந்தன. ஐம்பது வருஷத்துக்குப் பிறகு நடுவே ஓர் எல்லைக்கோடு வந்துவிட்டது. அதே பாதையில் பறக்க இரண்டு சர்க்கார்களின் அனுமதி வேண்டும். சிந்து நதி முகத்துவாரம், வெள்ளையாக மின்னும் கட்ச் உப்பு வெளி, அகமதாபாத், பிறகு தெற்கே திரும்பிக் கடலோரம். ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். கீழே இருந்தவை எல்லாம் மாறியிருந்தன. அகமதாபாத் மில் புகைபோக்கிகளைச் சுற்றி ஊர் பெருத்திருந்தது. பம்பாயின் வடக்கே ஒரு காலத்தில் உப்பளமும் தென்னந்தோப்புமாக இருந்த இடமெல்லாம் மாடி வீடுகள். ஜுஹு திடலைச் சுற்றியும் கட்டடங்கள் நெருக்கி நின்றன.

விட்டில் பூச்சி வந்தது. இறங்கியது. கதவைத் திறந்துகொண்டு முதியவர் வெளியே வந்தார்.

ஏன் இதைச் செய்தார் என்பதற்கு அவரே அன்று விளக்கம் சொன்னார். தேசத்து இளைஞர்களிடம் உற்சாகம் வற்றி ஒரு சலிப்பு வந்துவிட்டதாக அவருக்குத் தோன்றிற்றாம். தொடக்க காலத்தில் தம்மையும் தம் சகாக்களையும் ஓட வைத்த உற்சாகத்தில் கொஞ்சமாவது அவர்களுக்குத் தொற்ற வேண்டும்; அவர்களும் தம் வயதை எட்டும்போது, எத்தனை இடைஞ்சல் வந்தாலும் ஒரு காரியத்தைத் தன்னால் முடிந்த மட்டும் நன்றாகச் செய்து முடித்ததில் ஒரு மகிழ்ச்சி உண்டு என்பதை உணர வேண்டும் என்றார்.

நல்ல வார்த்தைதான். ஆனால் அதுவே முழுக் காரணமும் என்று நம்ப வேண்டுமா? இளைஞர்களுக்கு உற்சாகம் ஊட்ட ஒரு மேடைப் பேச்சு போதுமே! ஹார்டெலோ மணலில் ஓடிய அந்தப் பையனுக்கும் அந்தப் பயணத்தில் ஒரு பங்கு இருந்திருக்கும் என்று நினைப்பதில் தவறில்லை. கை இன்னும் தாழவில்லை, கண் இன்னும் ஏமாற்றவில்லை என்று தனக்குத்தானே நிரூபித்துக்கொள்ளும் ஆசை எந்த முதியவருக்குத்தான் இல்லை? தாராவியில் தையல் மிஷினை விட மறுக்கும் பெரியவருக்கும், மாதுங்கா மார்க்கெட்டுக்குப் பையைத் தானே தூக்கிக்கொண்டு நடக்கும் பாட்டிக்கும் இருப்பது அதே ஆசைதான்.

பத்து வருஷம் கழித்து, 1992-ல், அறுபதாம் ஆண்டு வந்தது. அந்த ஆண்டு அவருக்குப் 'பாரத ரத்னா' விருது கிடைத்தது. வயது 88. மறுபடி அவர் கராச்சியிலிருந்து கிளம்பவில்லை. 1993 நவம்பர் 29-ந் தேதி ஜெனீவாவில் காலமானார். பிறந்த ஊரான பாரிஸில் அடக்கம் செய்தார்கள். அவருடைய ஏர் இந்தியா 2022 ஜனவரியில் மறுபடி டாடா குழுமத்தின் கைக்கே வந்து சேர்ந்தது.

ஜுஹு திடல் இன்னும் இருக்கிறது. அங்கிருந்து இப்போது பெரும்பாலும் ஹெலிகாப்டர்கள்தான் கிளம்புகின்றன.